எந்தக் காலத்து ஹெவிவெயிட் பெரியவன் என்று கேட்டவர்களுக்கு

போன மாதம் ரெஃபரி பயிற்சி முகாமில், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், உங்களில் ஒருவர் கையைத் தூக்கிக் கேட்டார். "சார், ஹெவிவெயிட் குத்துச்சண்டையில எந்தக் காலம் சார் பெரிய காலம்?" சாம்பார் ஆறிவிடும் என்றுதான் நான் பதில் சொல்லாமல் எழுந்தேன் என்று நினைத்திருப்பீர்கள். சாம்பார் மேல் பழி போடவேண்டாம். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். இப்போது ஓய்வில் இருக்கிறேன், பொழுது நிறையக் கிடக்கிறது, எரிகிறதை எழுதித் தீர்த்துவிடுகிறேன். புதிதாக வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு ரிங்குக்குள் போகப்போகிற நீங்கள் படித்தால் போதும். மற்றவர்கள் படித்துத் திருந்துவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன், லீவு நாட்களில் குத்துச்சண்டை ரெஃபரி. கள்ளக்குறிச்சியைச் சுற்றி எங்கே போட்டி நடந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். கூப்பிட வேறு ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்.

நம்மூர் ஹெவிவெயிட் என்றால் என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எடைகளில் எடையைக் குறைக்கப் பட்டினி கிடப்பார்கள். ஹெவிவெயிட்டில் மட்டும் எடை போதவில்லை என்று தராசில் ஏறுவதற்கு முன்னால் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார்கள், சீப்புச் சீப்பாக வாழைப்பழம் தின்பார்கள். மொத்தமே இரண்டு பேர் வருவார்கள், அதனால் முதல் சண்டையே இறுதிப் போட்டி. ஒரு வருடம் ஒருவன்தான் வந்தான். அவன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் தங்கப் பதக்கத்தைப் போட்டு அனுப்பினோம், அவனும் வெட்கமில்லாமல் ஊர்வலம் போனான். இந்த லட்சணத்தில் இருந்துகொண்டுதான் நம்மவர்கள் உலகச் சாம்பியன்களை எடைபோடுகிறார்கள்.

எடைபோடுகிற இடம் உளுந்தூர்பேட்டை. வெளியூர்ப் போட்டிக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அங்கேதான் பஸ் மாறவேண்டும். லாரிக்காரர்கள் நிற்கிற ஒரு டீக்கடையில், பையன்களைக் கூட்டிக்கொண்டு வருகிற குத்துச்சண்டை மாஸ்டர்கள் இரண்டு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருவர் கள்ளக்குறிச்சியில் ஒரு இரும்புக்கடை மாடியில் கிளப் நடத்தியவர், அவரை இரும்புக்கடை மாஸ்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் சங்கராபுரம் மாஸ்டர். இரண்டு பேரும் பள்ளிக்கூட அளவில் ஏதோ குத்தியவர்கள். ஹெவிவெயிட் உலகச் சண்டையை இரண்டு பேருமே நேரில் பார்த்ததில்லை. செல்போனில் பார்த்ததுதான்.

இரும்புக்கடை மாஸ்டருக்கு எழுபதுகள் என்றால் உயிர். அந்தக் காலத்துச் சாம்பியன் ஒருவர் படத்தைச் சட்டம் போட்டு கிளப் சுவரில் மாட்டி, வெள்ளிக்கிழமை ஆனால் மாலை போடுவார். சங்கராபுரம் மாஸ்டர் தொண்ணூறுகளின் ஆள். அவர் சுவரிலும் ஒரு படம் உண்டு, மாலை மட்டும் கிடையாது.

"எழுபதுல இருந்தவனுங்கதான் மனுசனுங்க. பதினஞ்சி ரவுண்டு நின்னானுங்க. உன் ஆளு நாலு ரவுண்டுல மூச்சு வாங்கிக்கினு நிப்பான்" என்பார் இரும்புக்கடை.

"நாலு ரவுண்டு இன்னாத்துக்கு? ஒரே ரவுண்டுல படுக்க வச்சிட்டு வூட்டுக்குப் போய்க்கினே இருப்பான்" என்பார் சங்கராபுரம்.

இப்படியே இரண்டு டீ, மூன்று பஸ் போகும். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க சார்" என்பார்கள். நான் வடையைத் தின்றுகொண்டிருப்பேன். சொன்னால் கேட்கிற ஜாதியா அவர்கள்?

அப்போது சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். நானும் எல்லாக் காலத்தையும் பார்த்தவன்தான், ஆனால் குத்துகிறவனைப் பார்க்காமல் ரெஃபரியைப் பார்த்தவன். கறுப்பு வெள்ளைப் படங்களில் வருகிற பழைய காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே விழுந்தவன் தலைமாட்டிலேயே அடித்தவன் நின்றுகொண்டிருப்பான். இவன் முட்டியை ஊன்றி எழும்போதே மறுபடி ஒன்று விடுவான். ரெஃபரி கோயில் தர்மகர்த்தா மாதிரி வேடிக்கை பார்ப்பார். எழுபதுகள் வந்தன. சண்டை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகான ஆட்கள் சிலருக்கு வயதான பிறகு கை நடுங்கியது, பேச்சுக் குழறியது, அவர்கள் சொல்வது பக்கத்தில் இருக்கிறவர் சொல்லித்தான் நமக்குப் புரிந்தது. அதைப் பார்த்தும் அழுதுகொண்டே கைதட்டினார்கள் ரசிகர்கள். தொண்ணூறுகளில் உடம்பு பெருத்தது, பணம் பெருத்தது, காதைக்கூடக் கடித்தார்கள். அதற்கப்புறம் பனைமர உயரத்துக்கு ஆட்கள் வந்து, இடது கையை நீட்டி நீட்டி, பிறகு கட்டிப்பிடித்துச் சாய்ந்து நின்றார்கள். இரண்டு பீரோவை எதிரெதிரே வைத்ததுபோல இருந்தது. இன்றைக்கு இருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை சண்டை போடுகிறார்கள், மிச்ச நாளெல்லாம் பேசுகிறார்கள். எந்தக் காலம் பெரியது என்று மண்டையை உடைத்துக்கொள்கிற எவனும், எந்தக் காலத்தில் ரெஃபரி நேரத்துக்கு நிறுத்தினார் என்று மட்டும் கேட்டதே இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். ஒருநாள் அதே டீக்கடையில் பேச்சு முற்றிப்போயிற்று.

"பேசி இன்னா ஆவப்போவுது? மாவட்டப் போட்டியில என் பையன எறக்கறேன், உன் பையன எறக்கு. எவன் காலம் பெருசுன்னு பாத்துடலாம்" என்றார் இரும்புக்கடை.

"தோத்தா?"

"தோத்தவன் செவுத்துல மாட்டியிருக்கற படத்த எறக்கிடணும். அப்புறம் இந்தக் கடையில அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

கைகொடுத்துக்கொண்டார்கள். பெரிய உலக ஒப்பந்தம் போட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு டீ சொன்னார்கள். ரிங்கில் இறங்கி வாங்கப்போகிறவர்கள் இரண்டு பேரும் அங்கே இல்லை.

அந்த இரண்டு பேரையும் சொல்லவேண்டும். சங்கராபுரம் மாஸ்டரிடம் பழகுகிற பையன் ஜாபர். அப்பா செருப்புக்கடை வைத்திருந்தார். நல்ல கனத்த உடம்பு, நல்ல குணம். ஒரு குத்துக்கு ஒன்பது தடவை மன்னிப்புக் கேட்கிற பையன். இரும்புக்கடை மாஸ்டரின் ஆள் அண்ணாமலை. கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். பயிற்சிக்கு மலையிலிருந்து பஸ் பிடித்து வருவான், கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவான். அவனுக்கு இடது கை நீளம். அதை நீட்டி ஒரு தட்டு, பின்னால் ஒரு நகர்வு, மறுபடி ஒரு தட்டு. அவ்வளவுதான் அவன் ஆட்டம், அந்த ஆட்டத்தில் அவனை நெருங்க இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது.

அவனுக்கு இந்தப் போட்டி விளையாட்டு இல்லை. மாவட்டத்தில் ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். மாநிலச் சான்றிதழ் கையில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் காவலர் வேலைக்குப் போட்டுப் பார்க்கலாம். அவனுக்கு வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிந்தது. இது எனக்குத் தெரியும், மாஸ்டருக்கும் தெரியும்.

போட்டி ஒரு கல்யாண மண்டபத்தில். மணமேடையில் கோப்பைகள், நடுக்கூடத்தில் ரிங், மணமகள் அறையில் வீரர்கள் உடை மாற்றினார்கள். ரிங்குக் கயிற்றைக் கட்டியவர்கள் பந்தல்காரர்கள். அவர்கள் எதைக் கட்டினாலும் புயலுக்குத் தாங்குகிற மாதிரிதான் கட்டுவார்கள். காலையிலேயே நான் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். கம்பி மாதிரி விறைத்து நின்றது. தளர்ந்து கிடப்பதைவிட இது மேல் என்று விட்டுவிட்டேன்.

மணி அடித்தது. அண்ணாமலை இரண்டு தட்டுத் தட்டினான். ஜாபருக்கு மூக்கு சிவந்தது. உடனே இரும்புக்கடை மாஸ்டர், "போடா கயித்துக்கு" என்று கத்தினார். அண்ணாமலை நேராகப் பின்னால் போய்க் கயிற்றில் சாய்ந்து, முகத்தைக் கையுறையால் மூடிக்கொண்டு நின்றுவிட்டான்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் படத்துக்கு மாலை போட்ட சாம்பியன் ஒரு காலத்தில் செய்த தந்திரம் அது. கயிற்றில் சாய்ந்துகொண்டு எதிராளியை அடிக்கவிட்டு, அவன் கை ஓய்ந்ததும் திருப்பி அடிப்பது. அது பதினைந்து சுற்றுச் சண்டை. அடிக்கிறவன் ஓய்ந்துபோக அங்கே நேரம் இருந்தது. நம்முடையது மூன்றே சுற்று. ஜாபர் மாதிரி வாழைப்பழம் தின்று வந்த பையன்கூட மூன்று சுற்றுக்கு ஓயமாட்டான். அந்தச் சண்டையில் கயிறு தொய்வாக இருந்தது, சாய்ந்தால் தலை எட்டாத தூரத்துக்குப் போகும். இது பந்தல்காரர் கட்டிய கயிறு. சாய்கிறவன் தலை இருந்த இடத்திலேயே இருக்கும். டீக்கடையில் இத்தனை வருடம் அந்தச் சண்டையைப் பற்றிப் பேசியவருக்கு இந்த இரண்டும் தோன்றவே இல்லை. கிளப்பில் அவனுடைய இடது கையை மடக்கிவைத்து, "தட்டிட்டு ஓடறது ஆம்பள ஆட்டமா?" என்று மாதக்கணக்கில் இதைத்தான் பழக்கியிருக்கிறார்.

ஜாபர் அடித்தான். ஒரு குத்து நெற்றிப்பொட்டில் விழுந்ததும் நான் நடுவில் புகுந்து, அடி வாங்கியவன் தெளியட்டும் என்று சட்டப்படி எட்டு வரைக்கும் எண்ணினேன். எண்ணி முடித்து, "நல்லாருக்கியா? ஆடறியா?" என்று கேட்டேன். "நல்லாருக்கேன் சார்" என்று கையுறையைத் தூக்கிக் காட்டி, என்னை நோக்கி இரண்டடி நடந்தான். குரல் தெளிவு, நடை நேர். விட்டேன்.

சுற்று முடிந்ததும் இரும்புக்கடை மாஸ்டர் கயிற்றோரம் வந்தார்.

"சார், குறுக்க வராதீங்க. பையன் வேணும்னேதான் வாங்கிக்கினு இருக்கான். அது ப்ளான்."

"உங்க ப்ளான் எனக்கு வேணாம். பையன் எனக்கு வேணும்" என்றேன்.

"எழுபதுல உங்கள மாதிரி ஒருத்தர் ரெஃபரியா இருந்திருந்தா வரலாறே இருந்திருக்காது."

போய் நடுவில் நின்றேன். மணி அடிக்கும் வரைக்கும் அவர் அண்ணாமலையிடம், "வாங்கு, இன்னுங் கொஞ்சம் வாங்கு, அவன் ஓஞ்சிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிர் மூலையில் சங்கராபுரம் மாஸ்டர், "இந்த ரவுண்டுல முடிச்சிடணும், ஒரே ரவுண்டுன்னு சொல்லிட்டு ரெண்டாயிடிச்சி, மானம் போவுது" என்று ஜாபரை உலுக்கிக்கொண்டிருந்தார். ஒருத்தன் வாங்கவேண்டும், இன்னொருத்தன் கொடுக்கவேண்டும். இரண்டு மாஸ்டர்களுடைய காலமும் அதில்தான் இருந்தது.

இரண்டாவது சுற்றில் ஜாபரின் ஒரு வீச்சு அண்ணாமலையின் காதுக்கு மேல் விழுந்தது. அவன் விழவில்லை. கயிறு அவனை நிற்கவைத்தது. தளர்ந்த கயிறாக இருந்தால் விழுந்திருப்பான், எனக்கு வேலை சுலபமாகப் போயிருக்கும். நிற்கிறவனை நிறுத்துவதுதான் கஷ்டம். தம்பி, தங்கைகளே, இதை நினைவில் வையுங்கள். விழுந்தவனை நிறுத்த ரெஃபரி தேவையில்லை, மண்டபத்து வாட்ச்மேனே போதும்.

மறுபடி எண்ணினேன். மண்டபம் முழுக்கக் கூச்சல். முன்வரிசையில் மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினர், "விடுங்க சார், விடுங்க, இப்பதான் சூடு புடிக்குது" என்று கையை ஆட்டினார். ஐந்து எண்ணும்போது அண்ணாமலை கையுறையைத் தூக்கிவிட்டான். ஆறு சொல்லும்போதே, நான் எதுவும் கேட்பதற்கு முன்னால், "நல்லாருக்கேன் சார்" என்றான். முதல் சுற்றில் சொன்ன அதே குரல், அதே தெளிவு. என்னை நோக்கி இரண்டடி நடக்கவும் நடந்தான்.

சட்டப்படி எல்லாம் சரி. விடலாம். விட்டால் என்னை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். அவன் வேலைக்கும் ஒரு சுற்று மிச்சம் இருக்கும். நிறுத்தினால் அந்த வேலை போயிற்று, அதைப் பறித்தவன் நான். எட்டு எண்ணுகிற நேரத்துக்குள் இதையெல்லாம் யோசித்தேன், யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் கேட்பதற்கு முன்னால் பதில் வந்தது என்னை உறுத்தியது. கணக்கு வாத்தியார் வராத நாளெல்லாம் அந்த வகுப்பை என் தலையில்தான் கட்டுவார்கள். பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்டே தலை நரைத்தவன் நான். தெரிந்து சொல்கிறவனையும் பழகிப்போன வாயால் சொல்கிறவனையும் எனக்குப் பிரித்துத் தெரியும். மாஸ்டர் அடி வாங்கப் பழக்கியதோடு, ரெஃபரி கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்பதையும் பழக்கியிருக்கிறார். அவர் பழக்காத ஒரு கேள்வி எனக்கு வேண்டியிருந்தது.

அவன் முகத்துக்கு நேரே குனிந்து கேட்டேன். "அண்ணாமல, காத்தால இன்னா சாப்ட்ட?"

"நல்லாருக்கேன் சார்."

"நல்லாருக்கியான்னு கேக்கல. காத்தால இன்னா சாப்ட்டேன்னு கேக்கறன்."

அவன் என்னைப் பார்த்தான். கண் என் மேல்தான் இருந்தது. "நல்லாருக்கேன் சார்" என்றான்.

ஒரு கையால் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையை வீசிச் சண்டையை நிறுத்தினேன்.

அப்புறம் நடந்ததைச் சொல்லவேண்டுமா? தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்து வந்தது. சிறப்பு விருந்தினர் கோப்பை கொடுக்காமலே காரில் ஏறிவிட்டார். இரும்புக்கடை மாஸ்டர் ரிங்குக்குள் ஏறி, "என் பையன் நின்னுக்கினு இருக்கான், பதில் சொல்றான், எத்த வச்சி நிறுத்தனீங்க?" என்று என் சட்டையைப் பிடித்தார். சங்கராபுரம் மாஸ்டராவது எனக்கு நன்றி சொல்லியிருக்கவேண்டும், ஜெயித்தது அவர் பையன். அவரும், "இன்னும் ரெண்டு அடி வுட்டிருந்தீங்கன்னா சுத்தமா படுத்திருப்பான், இப்ப யாரு ஒத்துக்குவான்?" என்று சண்டைக்கு வந்தார். அத்தனை வருடத்தில் இரண்டு மாஸ்டர்களும் ஒரே கட்சியில் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஜாபர் மட்டும் ஓரமாக நின்று, "அவனுக்கு இன்னா ஆச்சி சார்? நான் மெதுவாத்தான் அடிச்சேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மணமகள் அறையில், போட்டிக்கு வந்திருந்த டாக்டரம்மா அண்ணாமலையைப் பெஞ்சில் படுக்கவைத்திருந்தார். "எந்த ரவுண்டு சார் இது?" என்று என்னைக் கேட்டான். சொன்னேன். கொஞ்சம் கழித்து அதையே கேட்டான். மறுபடி சொன்னேன். டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்து, "சரியாத்தான் நிறுத்தனீங்க" என்று சொல்லிவிட்டு அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்த மண்டபத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஓய்வு எடுத்தால் போதும் என்றார்கள். அவ்வளவுதான், எனக்கு வினையாகிப்போயிற்று. "பாத்தீங்களா, ஒண்ணுமே இல்ல, பயந்தாங்கொள்ளி ரெஃபரி சும்மா நிறுத்திட்டாரு" என்று ஊர் முழுக்கப் பேச்சு. இரண்டு மாஸ்டர்களும் சேர்ந்து போய்ச் சொன்னதில், அடுத்த வருடம் இறுதிப் போட்டிகளுக்கு என்னைக் கூப்பிடவில்லை. இது உங்களுக்கும் வரும், இப்போதே தயாராக இருங்கள். தாமதமாக நிறுத்தியதற்கு எல்லோர் கையிலும் சாட்சி இருக்கும். நேரத்துக்கு நிறுத்தியதற்கு ஒரு சாட்சியும் கிடைக்காது, ஏனென்றால் ஒன்றுமே நடந்திருக்காது.

படம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இரும்புக்கடை மாஸ்டர் இறக்கவில்லை. ரெஃபரி நிறுத்தியது தோல்விக் கணக்கில் வராதாம். சங்கராபுரமும் அதை ஒப்புக்கொண்டார், படுக்கவைக்காத வெற்றி அவருக்கும் இனிக்கவில்லை. இரண்டு படமும் இன்றைக்கும் சுவரில்தான் தொங்குகின்றன. இரண்டு பேரும் இன்றைக்கும் உளுந்தூர்பேட்டையில் டீ குடித்துக்கொண்டு அதையேதான் பேசுகிறார்கள். ஜாபர் மாநிலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்று, செருப்புக்கடையைப் பார்த்துக்கொள்கிறான். அண்ணாமலைக்கு வேலை கிடைக்கவில்லை. வயது வரம்பு போய்விட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு கனக்கும். ஆனால் மறுபடி அதே இடத்தில் நின்றாலும் அதையேதான் செய்வேன்.

முகாம் முடிந்த மறுவாரம் அண்ணாமலையைப் பார்த்தேன். எனக்கு வீடு வடக்கனந்தலில். மலையிலிருந்து இறங்குகிற வண்டிகள் எங்கள் தெருமுனையில்தான் திரும்பும். மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய லோடு ஆட்டோவை ஓரங்கட்டி, டயரைக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். உடம்பு முன்னைவிடக் கனத்திருந்தது. இப்போது ஹெவிவெயிட் தராசில் ஏற அவனுக்குத் தண்ணீர் தேவைப்படாது.

பக்கத்தில் போய் நின்றேன். அவன் வணக்கம் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். டயரை இன்னொரு தட்டுத் தட்டிவிட்டு அவனே ஆரம்பித்தான்.

"அந்த ஒரு ரவுண்டு வுட்டிருந்தீங்கன்னா நான் ஜெயிச்சிருப்பேன் சார். அவன் ஓஞ்சிட்டான். மாஸ்டர் சொன்னாரு. நான் நல்லாதான் இருந்தேன். நீங்க கேட்டதுக்குக்கூட நல்லாருக்கேன்னுதான சொன்னேன்?"

"ஆமா, சொன்ன" என்றேன்.

"அப்புறம் இன்னாத்துக்கு நிறுத்தனீங்க? இந்நேரம் நான் போலீஸ்ல இருந்திருப்பேன். உங்களாலதான் கெழங்கு ஏத்திக்கினு அலையறேன்."

நான் கேட்ட கேள்வி அவனுக்கு நினைவில் இல்லை. அவன் சொன்ன பதில் மட்டும்தான் நினைவில் இருக்கிறது. விளக்கிச் சொன்னாலும் நம்பமாட்டான், மாஸ்டர் சொன்னதைத்தான் நம்புவான். திட்டி முடிக்கட்டும் என்று நின்றேன். முடித்ததும் கேட்டேன்.

"அண்ணாமல, காத்தால இன்னா சாப்ட்ட?"

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"சாமச் சோறு, மொச்சக்கொட்டக் கொழம்பு. கொழம்புல உப்பு ஜாஸ்தி, பாதியிலயே எழுந்து வந்துட்டேன். அத்த இன்னாத்துக்கு இப்ப கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

அவன் முறைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். எனக்கு அன்றைக்கு முழுவதும் சந்தோஷமாக இருந்தது.